மரத்தடியிலா, மரத்தடிக்கா

...மரத்தடியில என்றுதான் காதில் விழுந்தது, சத்தியமாக அப்படித்தான் விழுந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி போனில் பேசியபோது பின்னால் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள், அந்தக் கடகடப்புக்கு நடுவே அண்ணியின் குரல் நூலாக வந்தது, "மரத்தடியில களை வந்திருக்கும் இந்நேரம், கொஞ்சம் பாத்துக்க", இவ்வளவுதான், இதில் தப்பாகக் கேட்க என்ன இருக்கிறது, களை வந்திருக்கும் என்றால் களை முளைத்திருக்கும், பாத்துக்க என்றால் பிடுங்கிப் போடு, யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்... அவள் ஈர மண்ணில் முழங்காலை ஊன்றி, முந்தாநாள் தன் கையாலேயே பிடுங்கிப் போட்ட செடிகளை ஒவ்வொன்றாக மறுபடியும் மண்ணுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. மரத்தில் இப்போதுதான் துளிர் விட்டிருந்தது, இலைகளுக்கு இடையில் வெளிச்சம் கிழிந்து கிழிந்து விழுந்தது. மதியத்துக்குள் அண்ணன் அண்ணியைக் காரில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். அதற்குள் இதெல்லாம் தலை நிமிர வேண்டும். நிமிருமா? ஒன்றை நிமிர்த்தினால் அது அடுத்ததன் மேல் சாய்ந்தது. ஆனால் அண்ணி மரத்தடிக்கு என்று சொல்லியிருந்தால்? மரத்தடிக்குக் களை வந்திருக்கும். ஓர் உருபு மாறினால் போதும், வாக்கியம் தலைகீழ். முகத்துக்குக் களை வந்துவிட்டது, வீட்டுக்குக் களை வந்துவிட்டது என்போமே, அந்தக் களை. அழகு, பொலிவு, உயிர். பூ வந்திருக்கும், இடமே பொலிந்து கிடக்கும், எனக்குப் பதிலாக நீ போய்ப் பார்த்துக்கொள் என்று அண்ணி சொல்லியிருந்தால், அதைக் கேட்டுவிட்டு மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்தவளை என்னவென்று சொல்வது...

நேற்றுச் சாயங்காலம் வரை இந்தச் சந்தேகமே இல்லை. அண்ணன் போன் பண்ணினான். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு டாக்டர் சொல்றாரு, இவ கேக்கமாட்டேங்கறா. மரத்தடியில எல்லாம் பூத்திருக்கும், போன வருஷமும் ஆஸ்பத்திரியிலயே போச்சு, இந்தத் தடவை பாக்காம விடமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. காலையில கிளம்பறோம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடுத்த வருஷத்தப் பத்திக் கேட்டேன். டாக்டர் வாயத் தொறக்கல" என்றான். அவள் போனைக் காதில் வைத்தபடி சமையலறை ஜன்னல் வழியே மரத்தடியைப் பார்த்தாள். பெருக்கி, கிளறி, சமப்படுத்தி, ஒரு புல் பூண்டு இல்லாமல் துடைத்துவைத்த தரை. அதைப் பார்த்துத்தான் இரண்டு நாளாக அவளுக்கு அப்படி ஒரு பெருமை. பூத்திருக்கும் என்றானே, எது பூத்திருக்கும், அங்கே பூப்பதற்கு என்ன இருந்தது, அங்கே இருந்ததெல்லாம்... "என்னடி, லைன்ல இருக்கியா?" என்றான் அண்ணன். இருக்கிறேன் என்று சொன்னாளா சொல்லவில்லையா, அதுவும் ஞாபகமில்லை. காது சரியில்லையோ என்னவோ, கொஞ்ச நாளாகவே யார் என்ன பேசினாலும் பாதிதான் உள்ளே போகிறது என்று நினைத்துப் பார்த்தாள். அது பொய். அவள் காது பாம்புக் காது, அச்சகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அச்சகத்தில் அவள் பிழை திருத்துகிறவள். பாதி ஆயுள் சிவப்புப் பேனாவும் கையுமாகப் போயிற்று, விட்டுப்போன ஒற்றைச் சேர்ப்பதும் வேண்டாத ஒற்றை வெட்டுவதும்தான் வேலை, உன் பிழைப்பே பிழையில்தான் ஓடுகிறது என்று அண்ணன் கிண்டல் பண்ணுவான். அண்ணி அவளுக்கு வைத்த பெயரே சிவப்புப் பேனா. வாசலில் அவள் பெட்டியோடு இறங்கும்போதே, "சிவப்புப் பேனா வந்தாச்சு, எல்லாரும் நேரா உக்காருங்க" என்பாள். அவள் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே அலமாரியில் புரண்டு கிடக்கும் துண்டுகளை மடித்துவைப்பாள், குப்பிகளின் மூடிகளைச் சரியாகத் திருகுவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு 'ல'வுக்கும் ஒரு 'க்கு'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா? க்கு என்று அண்ணி சொல்லியிருந்தால் அடுத்தாற்போல ஒரு க் வந்திருக்கும், மரத்தடிக்குக் களை, நாலாம் வேற்றுமைக்குப் பின்னால் மிகும், எழுத்தில்தான் என்றில்லை, பேச்சிலும் அந்த க் நாக்கில் இடறிவிட்டுத்தான் போகும். அந்த இடறல் காதில் விழுந்ததா? தள்ளுவண்டி உருண்டது. அது விழுந்தது. க் விழுந்ததா? ஏன் திரும்பக் கேட்கவில்லை, என்ன சொன்னீங்க அண்ணி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாய் தேய்ந்துபோகுமா, கேட்காமல் சரி அண்ணி என்று வைத்துவிட்டாயே... அண்ணிக்கு மூச்சு வாங்கியது, பேசவைக்க மனசு வரவில்லை, அதுதான் காரணம், வேறு என்ன.

தண்ணீர்ப் பூவாளியை இழுத்து வைத்துக்கொண்டாள். பிடுங்கியதை மூலையில் சருகுக் குவியல் மேலே போட்டது நல்லதாயிற்று, கீழே ஈரம் இருந்தது, வேர்கள் முழுக்கக் காயவில்லை. இதயம் போல இலை விடுவது ஒன்று. மூன்று மூன்று இலையாக விரல் உயரத்துக்கு நிற்பது ஒன்று. இன்னொன்று கொடி, தரையோடு தரையாக ஓடி, கணுவுக்குக் கணு வேர் இறக்கியிருந்தது, முந்தாநாள் அதைப் பிடித்து இழுத்தபோது பரபரவென்று நீளத்துக்கும் பெயர்ந்து வந்தது, ஸ்வெட்டரில் பிரிந்த நூலை இழுப்பது போல, அப்போது கைக்கு எவ்வளவு சுகமாக இருந்தது. இதற்கெல்லாம் அண்ணிக்குப் பெயர் தெரியும். காட்டோரத்திலிருந்தும் சாலைப் பள்ளத்திலிருந்தும் ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவாள். இந்த மண்ணுலயே பொறந்தது, இதுக்கு உரமும் வேண்டாம் உபசாரமும் வேண்டாம், நிழல்லயும் பூக்கும் என்பாள். மரத்தடியில் முன்பு எதுவும் வந்ததில்லை. இது அவள் பிறந்து வளர்ந்த வீடு, இந்த மரம் அவளுக்குப் பிறகுதான் அண்ணிக்கு, ஒரு காலத்தில் அவளும் கடையில் ரோஜாக் கன்று வாங்கி வந்து வரிசையாக நட்டவள்தான், நிழலில் ஒன்றுகூடத் தங்கவில்லை, குச்சிகுச்சியாக நின்று செத்தது. அதற்குப் பிறகு டைல்ஸ் போட்டுவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். கல்யாணமாகி வந்த அண்ணி, டைல்ஸெல்லாம் வேண்டாம், நான் பாத்துக்கறேன் என்றாள். பார்த்துக்கொண்டாள். வருஷா வருஷம் இவள் ஊரிலிருந்து வருவது கோடையில், பாடப்புத்தக வேலை முடிந்து லீவு கிடைக்கும்போது, அப்போது மரம் குடையாகக் கவிந்திருக்கும், அடியில் பாதி பச்சையும் பாதி பழுப்புமாக என்னவோ மண்டிக் கிடக்கும், பூவாவது புடலங்காயாவது. இதுக்குப் பேரு தோட்டமா அண்ணி, களைக்காடு என்று அவள் சொல்லாத வருஷம் இல்லை. அண்ணிக்குக் கோபம் வராது. "களைதான். குளிர் முடிஞ்ச கையோட ஒரு தடவை வந்து பாரு, எந்தக் களைன்னு தெரியும்" என்பாள்...

கை நின்றுவிட்டது. எந்தக் களைன்னு தெரியும். இதை அண்ணி ஒரு தடவையா சொன்னாள், வருஷா வருஷம் சொன்னாளே, அவர்கள் இருவருக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்த பழைய கேலி அல்லவா அது, களை என்று அவள் கடித்துத் துப்புவாள், அண்ணி அதே சொல்லை எடுத்துத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பாள். அண்ணன்கூடச் சிரிப்பான். அப்படியானால் போனிலும் அண்ணி அதைத்தானே சொல்லியிருப்பாள், உடம்பில் சத்து இல்லாத நேரத்திலும் பழைய கேலியைத்தானே நினைவுபடுத்தியிருப்பாள், மூச்சு வாங்கியது என்று நினைத்தோமே, அது ஒருவேளை சிரிப்போ... இதை யாரிடம் போய்ச் சொல்வது, தெரியாமல் பிடுங்கிவிட்டேன் என்றால் எந்த மடையன் நம்புவான். இத்தனை வருஷம் களைக்காடு களைக்காடு என்று கரித்துக்கொட்டிய நாத்தனார், அண்ணி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது தோட்டத்தைத் துடைத்துவிட்டாள். இதைவிடப் பொருத்தமாக ஒரு கதை கட்ட முடியாது. அண்ணன் நம்பமாட்டான், நம்பினாலும் நம்பியதுபோல முகத்தை வைத்துக்கொள்வான், அது இன்னும் மோசம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து இத்தனை நாள் வீட்டைக் கட்டிக் காத்தது, போர்வையெல்லாம் துவைத்தது, அண்ணியின் கட்டிலை வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பிப் போட்டது, எல்லாம் இந்த ஒன்றில் அடிபட்டுப் போய்விடும். போகட்டும், அதுவா இப்போது பெரிது. அண்ணி பூவைப் பார்க்க வருகிறாள். டாக்டர் வாயைத் திறக்கவில்லை.

அவள் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்து, இதுவரை நட்டதைப் பார்த்தாள். வரிசை. இடமிருந்து வலமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி விட்டு, நேர்க்கோட்டில் நிற்கின்றன எல்லாம். ஒரு கோட்டின் கீழே அடுத்த கோடு. முதல் வரி மட்டும் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஆரம்பித்திருந்தது, பத்தி தொடங்கும்போது இடம் விடுவோமே, அப்படி. அவளுக்குத் தெரியவே தெரியாது, கை பாட்டுக்குச் செய்திருக்கிறது. அண்ணியின் செடி எதுவும் எந்தக் காலத்திலும் வரிசையில் நின்றதில்லை, அது அது இஷ்டத்துக்கு ஒன்றன் மேல் ஒன்று ஏறி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, வேரைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். இதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாளே. கையெழுத்தைப் பார்த்தே யார் எழுதியது என்று சொல்கிற மாதிரி. கலைக்க வேண்டும், எல்லாவற்றையும் கலைத்து நட வேண்டும், ஆனால் ஏற்கெனவே பிடுங்கி நட்டதை மறுபடியும் பிடுங்கினால் தாங்குமா? யாரிடமாவது கேட்கலாம். சாலை முனையில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் செடிக்காரரின் எண்ணை அண்ணி எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்திருந்தாள், பால்காரர் எண்ணுக்குக் கீழே. மண் கையோடு போய்ப் போனை எடுத்தாள்.

"பிடுங்கின செடியத் திரும்ப நட்டா பிடிக்குமாங்க?" என்று கேட்டாள். என்ன செடி என்றார் செடிக்காரர். பெயர் தெரியாமல் இலையின் வடிவத்தை வர்ணித்தாள், கணுவுக்குக் கணு வேர் என்று சொன்னதும், "அது கிரவுண்ட் கவர், தரைய மூடிப் படர்றது, நம்ம மண்ணோட செடி. இப்ப பூக்கிற நேரமாச்சே, யாரு பிடுங்கினது?" என்றார். "தெரியாம பிடுங்கிட்டாங்க." யார் தெரியாமல் பிடுங்கினார்கள் என்பதை அந்த மனுஷர் ஏன் இவ்வளவு அக்கறையாக விசாரிக்க வேண்டும்? "பெரிய மரத்து வீட்டுலேர்ந்தா பேசறீங்க? அந்தம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொன்னாங்களே. நீங்க யாரு?" "அவங்க நாத்தனார்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் 'ஓ' வந்தது. ஓ என்றால்? ஓ என்று நீட்டுவதற்கு இதில் என்ன இருக்கிறது, அண்ணி இவரிடம் என்ன சொல்லி வைத்திருப்பாள், செடி வாங்கப் போன இடத்தில் எங்க வீட்டுல ஒரு சிவப்புப் பேனா உண்டு என்று சிரித்திருப்பாளோ... "வேர்ல ஈரம் இருந்தா பொழைச்சுக்கும், இலையப் பாதிக்குப் பாதி வெட்டி விடுங்க, மேல சருகு போட்டு மூடி வைங்க. இந்த மண்ணுல பொறந்ததுக்கு லேசுல சாகத் தெரியாது" என்றார் செடிக்காரர். அவள் மூச்சு விட்டாள். "ஆனா பூவ மறந்துடுங்க. இந்த வருஷம் அது வேரத்தான் பாக்கும், பூவப் பாக்காது."

வேரைத்தான் பார்க்கும். அப்படியென்றால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷத்தைப் பற்றி டாக்டர் வாயைத் திறக்கவில்லை... கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினாள். மரத்தடிக்கு. பார், இங்கே க்கு எவ்வளவு சுளுவாக வருகிறது. இலைகளைப் பாதியாக வெட்டினால் இன்னும் அல்லவா காட்டிக்கொடுக்கும், கத்தரித்த ஓரம் தெரியாதா, வெட்டாமல் விட்டால் செத்துப்போகும், வெட்டினால் குட்டு வெளிப்படும், எதைச் செய்வது? வெட்டினாள். வெட்ட வெட்ட மனசு ஒரு பக்கம் சப்பைக்கட்டுகளைத் தேடி ஓடியது. பக்கத்து வீட்டு நாய் வேலியில் நுழைந்து கிளறிவிட்டது என்று சொல்லலாம், அந்த நாய்க்குக் கிளறுகிற பழக்கம் உண்டு, அண்ணியே சொல்லியிருக்கிறாள், நாய் வந்து மறுக்கப்போவதில்லை. நாய் கிளறிப் போட்டதைப் பார்த்து மனசு கேளாமல் நான்தான் எடுத்து நட்டுவைத்தேன். அட, எவ்வளவு நன்றாக இருக்கிறது, நாத்தனார் நல்லவளாகவே ஆகிவிடுகிறாள். முதல் வரியைக் கலைத்தாள், இரண்டு செடிகளை நெருக்கி, ஒன்றை விலக்கி, பிறகு விலக்கியதை மறுபடி பார்த்தால் அதுவும் ஒரு வரிசைக்குத்தான் வந்திருந்தது. இப்படி ஒரு கை யாருக்காவது இருக்குமா. கண்ணை மூடிக்கொண்டு நட்டுப் பார்த்தாள். திறந்தால் கோணலாக இருந்தது, ஆனால் அதுவும் அண்ணியின் கோணல் இல்லை.

மரத்தின் புடைத்த வேர்கள் இரண்டு சேரும் இடுக்கில் வெள்ளையாக எதுவோ தெரிந்தது. முதலில் காகிதத் துண்டு என்று நினைத்தாள். குனிந்து பார்த்தால் பூ. மண்வெட்டியும் கையும் போக முடியாத இடுக்கில் மூவிலைச் செடி ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது, அதில் ஒரே ஒரு பூ, சட்டைப் பொத்தான் அகலம்கூட இல்லை, உள்ளுக்குள்ளே மெல்லிய ஊதாக் கோடுகள் ஓடின. இதைத்தான் வந்து பார் வந்து பார் என்றாளா? இது தரை முழுக்க, மரத்திலிருந்து வேலி வரைக்கும், இப்படியே, ஒன்றல்ல, கண்ணுக்கு எட்டும் வரை... அழகாக இருந்தது, சொல்வதற்கு என்ன, அவ்வளவு அழகாக இருந்தது. அதற்கு அடுத்த நொடியே இன்னொரு நினைப்பு வந்தது, வந்ததை மறைத்து என்ன பயன், இந்த ஒன்று பூத்திருந்தால் மற்றதெல்லாம் எங்கே என்று அண்ணி கேட்பாள். எதுவுமே பூக்கவில்லை என்றால் இந்த வருஷம் குளிர் நீண்டுவிட்டது, பருவம் தள்ளிப்போயிற்று, செடியெல்லாம் கொஞ்சம் வாட்டமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். நாயும் வேண்டாம், பொய்யும் பாதிதான். அவள் விரல்கள் இடுக்குக்குள் நுழைந்தன. காம்பு நூல் மாதிரி இருந்தது. கிள்ளினால் யாருக்குத் தெரியும்? முந்தாநாளும் இப்படித்தான், இதே மாதிரி ஒரு காம்பு, நுனியில் பாசிமணி போல ஒரு மொட்டு, வெள்ளை எட்டிப் பார்த்துக்கொண்டு... இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம், களைக்கும்தான் மொட்டு வரும், எந்தக் களைக்கு மொட்டு வராது. விரல்களுக்கு நடுவில் காம்பு குளிர்ந்து இருந்தது. இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. "திருப்பத்துக்கு வந்துட்டோம், கேட்டைத் திறந்து வை" என்றான் அண்ணன். அவள் கையை வெளியே எடுத்துக்கொண்டாள். பூ ஆடிவிட்டு நின்றது.

கை கழுவினாள், நகத்துக்குள் மண் போகவில்லை, பழைய பல் துலக்கியை எடுத்துத் தேய்த்தாள், போகவில்லை. கேட்டைத் திறந்தாள். கார் நின்றதும் அண்ணன் சுற்றிவந்து கதவைத் திறந்தான், உள்ளிருந்து முதலில் ஒரு கை வந்தது, அது யாருடைய கையோ போல இருந்தது. அண்ணி பாதியாக இருந்தாள். போன தடவை ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுகூட இவ்வளவு இல்லை, அல்லது அங்கே எல்லாருமே அப்படி இருந்ததால் தெரியவில்லையோ. "வா, சிவப்புப் பேனா" என்றாள். "வாங்கண்ணி" என்றாள் அவள். படுக்கை தயாராக இருக்கிறது, ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன், முதலில் கொஞ்சம் படுங்கள் என்று அவசரமாகச் சொன்னாள். "படுத்துப் படுத்து முதுகே தேஞ்சுபோச்சு. நேராப் பின்னாடி கூட்டிட்டுப் போங்க" என்றாள் அண்ணி. அண்ணன் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். வீடு இவ்வளவு சிறியதா, கூடத்தைக் கடந்து சமையலறையைக் கடந்து பின்வாசலுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுமா? அவள் முன்னால் ஓடிப்போய் நாற்காலியைப் போட்டாள், முடிந்தவரை மரத்துக்கு முதுகு காட்டுகிற மாதிரி, பிறகு அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்து திருப்பிப் போட்டாள்.

அண்ணி உட்கார்ந்தாள். கம்பளிச் சால்வையை இழுத்துக்கொண்டாள். "நீங்க போய் வெந்நீர் வைங்க, வாய் கசக்குது" என்று அண்ணனை அனுப்பினாள். அவன் போகும்போது மரத்தடியை ஒரு பார்வை பார்த்தான், பிறகு தங்கையைப் பார்த்தான், எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டான். இப்போது இருவர் மட்டும். சொல், இப்போதே சொல், நாய் என்று சொல், அல்லது குளிர் என்று சொல், அல்லது நான்தான் என்று சொல், எதையாவது சொல்லித் தொலை... அண்ணியின் கண்கள் தரையில் மெதுவாக நகர்ந்தன. இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது ஓரம் வரை போயின, பிறகு கீழே இறங்கி மறுபடி இடது ஓரத்திலிருந்து. படிக்கிறாள். அவள் நின்ற இடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தான் திருத்திய தாளை யாரோ திரும்பத் திருத்துவதைப் பார்ப்பது போல. பாதி வெட்டிய இலைகள், ஈரமண், மேலே அள்ளிப் போட்ட சருகு.

"வரி வரியா இருக்கு" என்றாள் அண்ணி.

அவள் காலடியில் கிடந்த கத்தரிக்கோலை நாற்காலிக்குப் பின்னால் தள்ளினாள்.

"அந்தப் பக்கம் பாரா வேற பிரிச்சிருக்க." உதட்டோரம் அசைந்தது, அது சிரிப்பா, வலியா, கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணி கோபித்துக்கொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும், ஒரு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். "அண்ணி, நீங்க போன்ல..." என்று ஆரம்பித்தாள். அண்ணி கையை லேசாக உயர்த்தினாள். "ஆமா, போன் பண்ணினேன்ல. ஊசி போட்டிருந்தாங்க, என்ன பேசினேன்னே ஞாபகமில்ல. இந்த இடத்தப் பத்தி என்னமோ சொன்னேன். நீதான் ஒரு எழுத்து விடாம கேக்கறவளாச்சே. என்ன சொன்னேன், சொல்லு."

விடிந்ததிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். அண்ணிக்கு ஞாபகமில்லை. வேறு யாரும் அங்கே இல்லை, தள்ளுவண்டி உருட்டியவர் காதில் விழுந்திருந்தாலும் அவர் எங்கே இருக்கிறாரோ. மரத்தடியில என்று அவள் சொல்லிவிட்டால் அதுதான் நடந்தது. நீங்க சொன்னீங்க, நான் செஞ்சேன். பழி ஊசிமேல் போகும், போன்மேல் போகும், அண்ணிகூட, ஐயோ நானா அப்படிச் சொன்னேன் என்று தலையில் கைவைத்துக்கொள்வாள், அவளைத் தேற்றக்கூடச் செய்யலாம். சொல்ல வேண்டியது ஒரு 'ல' மட்டும். அவள் வாயைத் திறந்தாள்.

"மரத்தடிக்குக் களை வந்திருக்கும் இந்நேரம், கொஞ்சம் பாத்துக்கன்னு சொன்னீங்க."

ஒற்று அதன் இடத்தில் சுத்தமாக விழுந்தது. தன் குரலில் அதைக் கேட்டபோதுதான் அண்ணியின் குரலும் கூடவே திரும்ப வந்தது, களை என்பதற்கு முன்னால் வழக்கமாக வருகிற அந்தச் சின்ன நிறுத்தத்தோடு, கேலி பண்ணப் போகும்போது மட்டும் வருமே, அதோடு. தள்ளுவண்டி அதற்குப் பிறகுதான் உருண்டது. இடறல் இருந்தது. காது அன்றைக்கே கேட்டிருக்கிறது. அப்படியானால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனது யார், முந்தாநாள் அந்த மொட்டைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றதே, வெள்ளை எட்டிப் பார்த்ததே, நின்ற கை மறுபடி இழுத்ததே, அப்போது காதில் என்ன இருந்தது...

அண்ணி மரத்தின் வேரிடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை அங்கே தெரிகிறதா இல்லையா என்று அவள் நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியவில்லை. உள்ளே அண்ணன் டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தான். "அப்ப சரியாத்தான் கேட்டிருக்க" என்றாள் அண்ணி. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி வைப்பதா கேள்விக்குறி போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மண் புகுந்த நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.